6208 பேரிங்கில் எண்ணெய்ப் படலம்: கணக்கில் 0.52 மைக்ரான், அளந்தால் 0.08. எங்கே தவறுகிறேன்?

பேரிங்மேசை:
வணக்கம். மூன்று வாரமாக ஒரே எண்ணோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன், தெரிந்தவர்கள் கை கொடுங்கள்.

எம்.இ. இரண்டாம் ஆண்டு. கல்லூரி ஆய்வகத்தில் நாங்களே கட்டிய ரிக். 6208 டீப் குரூவ் பால் பேரிங், ஒன்பது பால், ஆக்சியல் லோடு 500 நியூட்டன், விஜி 68 மினரல் எண்ணெய், அடியில் இருக்கும் பால் பாதி முழுகும் அளவுக்கு எண்ணெய், 1500 ஆர்பிஎம். ஹேம்ராக்-டவ்சன் சூத்திரத்தில் போட்டால் பால் இன்னர் ரேஸை, அதாவது உள் வளையத்தை, அழுத்தித் தொடும் கான்டாக்ட்டின் நடுவில் படலத் தடிமன் 0.52 மைக்ரான் வருகிறது. வெப்பநிலைக்கு ஹவுசிங்கில் ஒட்டிய தெர்மோகப்பிள் காட்டிய 40 டிகிரியை எடுத்துக்கொண்டேன்.

அளப்பது கெப்பாசிட்டன்ஸ் முறையில். ஷாஃப்ட்டுக்கும் அவுட்டர் ரேஸுக்கும் நடுவில் எல்சிஆர் மீட்டர். ஒவ்வொரு பாலுக்கும் உள்ளே ஒன்று வெளியே ஒன்று என இரண்டு கான்டாக்ட் தொடர் இணைப்பில், ஒன்பது பாலும் பக்க இணைப்பில் என்று வைத்து, ஹெர்ட்ஸ் பரப்பளவை (லோடில் நசுங்கித் தொடும் பரப்பை) போட்டு, எண்ணெயின் எப்சிலான் (சார்பு விடுதிறன்) 2.2 என்று எடுத்துத் தடிமனுக்குத் திருப்பினேன். மீட்டர் காட்டியது 330 பிக்கோஃபாராட். தடிமன் வந்தது 0.08 மைக்ரான். ஆறு மடங்குக்கு மேல் வித்தியாசம்.

பாலும் ரேஸும் சேர்ந்த கரடுமுரடு 0.06 மைக்ரான் ஆர்எம்எஸ். அப்படியென்றால் லாம்டா, அதாவது தடிமனைக் கரடுமுரடால் வகுத்த எண், 1.3தான். புத்தம்புது பேரிங், சுத்தமான எண்ணெய், சாதாரண வேகம், இதில் உலோகம் உலோகத்தோடு உரசிக்கொண்டு ஓடுகிறது என்று நான் எப்படி எழுதுவது? எழுதாமலும் எப்படி விடுவது? அளந்த எண் அதுதானே.

வண்ணப்பட்டை:
தம்பி, பதில் சொல்வதற்கு முன்னால் மூன்று கேள்வி. மீட்டரிலிருந்து ரிக் வரைக்கும் என்ன கேபிள், எத்தனை மீட்டர்? மீட்டரில் எத்தனை வோல்ட்? வேகத்தை மாற்றி மாற்றி அளந்து லாக்-லாக் தாளில் போட்டுப் பார்த்தீர்களா, சரிவு எவ்வளவு?

பேரிங்மேசை:
கோ-ஆக்சியல் கேபிள் அக்கா, ஒன்றரை மீட்டர். 1 வோல்ட். சரிவு 0.24 வந்தது, சூத்திரம் சொல்லும் 0.67க்குப் பக்கத்தில்கூட இல்லை. எண்ணெய் போதாமல் பட்டினியாக ஓடுவதால் அப்படி வருகிறதோ என்று நினைத்தேன்.

வண்ணப்பட்டை:
பட்டினி பற்றி அப்புறம் பேசலாம். முதலில் கேபிள். சாதாரண கோ-ஆக்சியல் கேபிளுக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிக்கோஃபாராட் உண்டு. ஒன்றரை மீட்டருக்கு 150. உங்கள் பேரிங்கில் ஒரு கான்டாக்ட்டை மட்டும் எடுத்துக் கணக்குப் போடுங்கள்: பரப்பு 0.28 சதுர மில்லிமீட்டர் என்றால், தடிமன் 0.35 மைக்ரானாக இருந்தால், கிடைப்பது 15 பிக்கோஃபாராட் சொச்சம். நீங்கள் தேடுவது அந்தப் பதினைந்தை. அதைப் போலப் பத்து மடங்கு கேபிளிலேயே உட்கார்ந்திருக்கிறது. கேபிளை ரிக் முனையில் கழற்றிவிட்டு, அது தொங்கும் அதே நிலையில் ஓப்பன் கரெக்ஷன் செய்யுங்கள், கேபிளின் மதிப்பை மீட்டரே கழித்துக்கொள்ளும். ஷாஃப்ட்டைத் தாங்கும் மற்ற பேரிங்குகள், கப்ளிங், மோட்டார் எல்லாம் மின்சார ரீதியாகத் தனியாகப் பிரிந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஷாஃப்ட்டுக்கு இணைப்பு எப்படி எடுத்தீர்கள்? கார்பன் பிரஷ் என்றால் குதிக்கும், பாதரச ஸ்லிப் ரிங் நல்லது.

சரிவு 0.24 என்பதும் இதே கதையைத்தான் சொல்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் படலம் 1.6 மடங்காக வேண்டும். ஆனால் வேகத்தோடு மாறாத ஒரு கெப்பாசிட்டன்ஸ் கூடவே ஒட்டிக்கொண்டிருந்தால், மொத்தம் மெதுவாகத்தான் மாறும், தடிமன் வளராத மாதிரி தெரியும். எந்த முறையில் அளந்தாலும் நான் முதலில் பார்ப்பது இந்தச் சரிவைத்தான். தடிமன் தவறாக இருப்பது ஒற்றை எண்ணைப் பார்த்தால் தெரியாது, சரிவைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அப்புறம் 1 வோல்ட் அதிகம். அரை மைக்ரானுக்கும் குறைவான இடைவெளி அது. மேடு இருக்கும் இடத்தில் இன்னும் குறைவு. 0.1 வோல்ட்டுக்கு இறக்குங்கள்.

நான் வேலை செய்வது ஒளி முறையில், அதனால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கண்ணாடித் தட்டின் அடிப்பக்கத்தில் மெல்லிய குரோமியம் பூச்சு, அதன் மேல் 19.05 மில்லிமீட்டர் ஸ்டீல் பாலை 20 நியூட்டனில் அழுத்துவோம். கான்டாக்ட்டின் விட்டம் கால் மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம், அழுத்தம் 0.5 கிகாபாஸ்கல். தட்டு நிற்கும்போது மைக்ரோஸ்கோப்பில் நடுவில் ஒரே சீரான வட்டம், சுற்றி நெருக்கமான வளையங்கள். மெல்லத் தட்டைச் சுற்றவிட்டால் அந்த வட்டத்துக்குள் நிறம் ஏறும். மஞ்சள், சிவப்பு, நீலம், பச்சை, மறுபடி மஞ்சள். வேகம் கூடக் கூட நிறம் முறை மாறாமல் வரும். எண்ணெய் வெளியேறும் பக்கத்தில் மட்டும் ஒரு குதிரைலாடம் தெரியும், அங்கே நிறம் பின்தங்கியே இருக்கும், படலம் மிக மெல்லியதாக இருப்பது அந்த லாடத்தில்தான். முதல் தடவை பார்த்த அன்று இரவு ஒன்பது மணி வரை ஆய்வகத்தை விட்டு நான் கிளம்பவில்லை. சூத்திரத்தில் 'குறைந்தபட்சத் தடிமன்' என்று படித்தது அங்கே கண்ணுக்கு எதிரே ஒரு வடிவமாக நின்றது.

லண்டன் இம்பீரியல் கல்லூரியில் கோகரும் கேமரனும் 1963இல் இந்த முறையை வெளியிட்டார்கள். ஒரு நிறச் சுற்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே சுமார் 200 நானோமீட்டர் எண்ணெய். அதற்கும் கீழே போக ஒரு வழி 1991இல் ஜான்ஸ்டன், வேய்ட், ஸ்பைக்ஸ் மூவரும் காட்டியது: குரோமியத்தின் மேல் அரை மைக்ரான் சிலிக்கா படிய வைத்துவிட்டால், எண்ணெயே இல்லாத இடத்திலும் ஒளிக்குப் பாதை வித்தியாசம் கிடைக்கும், சில நானோமீட்டர் படலத்தைக்கூட நிறமாலையில் படிக்கலாம். ஆனால் இதெல்லாம் கண்ணாடியில். பேரிங்கில் 1.5 கிகாபாஸ்கல் வருகிறதே, அங்கே கண்ணாடி தாங்காது, உள்ளே எட்டிப் பார்க்கவும் முடியாது. அதனால்தான் உங்கள் முறை தேவைப்படுகிறது. விட்டுவிடாதீர்கள்.

கிரீஸ்கன்:
ஸ்பின்னிங் மில்லில் மெயின்டனன்ஸ். இவ்வளவு நுணுக்கமாகப் படித்ததில்லை, ஆனாலும் கேட்கிறேன். விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) போட்டதிலிருந்து மோட்டார் பேரிங்குகளைக் கழற்றினால் அவுட்டர் ரேஸ் முழுக்க ஒரே அகலத்தில் சாம்பல் கோடு கோடாக இருக்கிறது, விரல் நகத்தால் தடவினால் தட்டுப்படும். ஷாஃப்ட் கரன்ட் என்று சொல்கிறார்கள். நீங்கள் சொல்லும் இந்த அரை மைக்ரான் படலத்தைத் துளைத்துக்கொண்டுதானா கரன்ட் போகிறது?

வண்ணப்பட்டை:
ஆமாம், அதே படலம்தான். படலம் நன்றாக இருக்கும்போது பேரிங் ஒரு கெப்பாசிட்டராக வோல்டேஜைத் தேக்கி வைக்கிறது, தாங்க முடியாத அளவு வந்ததும் பொறியாகத் துளைத்து விடுகிறது. தம்பியிடம் 1 வோல்ட்டைக் குறைக்க வேண்டும் என்று நான் சொன்னதும் இதனால்தான். உங்கள் மோட்டாருக்கு இன்சுலேட்டட் பேரிங் அல்லது ஷாஃப்ட்டுக்கு எர்த்திங் பிரஷ் கேட்டு வாங்குங்கள். கிரீஸை மாற்றி மட்டும் அந்தக் கோடு நிற்காது.

பழையலேத்:
முப்பது வருடம் பேரிங் சோதனையில் இருந்தவன். அம்மா சொன்ன கேபிள் விஷயம் சரி. ஆனால் தம்பி, உங்கள் 0.52ஐயும் நான் நம்பவில்லை. எல்லோரும் அளவீட்டில் பிழை தேடுகிறீர்கள், கணக்கிலும் பிழை இருக்கிறது.

ஹவுசிங்கில் 40 டிகிரி என்றால் இன்னர் ரேஸிலும் 40 இருக்கும் என்று யார் சொன்னது? ஹவுசிங் காற்றுக்கு வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கும். ஷாஃப்ட் பக்கம் வெப்பம் போக இடமில்லை. படலத்தைத் தீர்மானிப்பது கான்டாக்ட்டுக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் எண்ணெயின் பாகுத்தன்மை, அதுவும் ரேஸ் பரப்பின் வெப்பநிலையில். விஜி 68 எண்ணெய் 40 டிகிரியில் 68 சென்டிஸ்டோக், 55 டிகிரியில் 35தான், பாதி. மெஷினை நிறுத்திய மறு நொடி இன்னர் ரேஸின் பக்கவாட்டில் ஒரு தெர்மோகப்பிளை வைத்து அழுத்திப் பாருங்கள்.

லோடு பற்றிக் கவலை வேண்டாம். சூத்திரத்தில் லோடின் அடுக்கு 0.07 பக்கம், லோடை இரண்டு மடங்காக்கினாலும் படலம் ஐந்து சதவீதம்தான் மெலியும். புதிதாக வருகிற பையன்கள் நம்ப மறுக்கும் விஷயம் இது. லோடு ஏற்றினால் எண்ணெய் பிதுங்கி ஓடிவிடும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். நுழைவாயிலில் படலம் உருவாகிவிட்டால் உள்ளே இருக்கும் அழுத்தத்தில் எண்ணெய் கிட்டத்தட்டத் திடப்பொருள் மாதிரி ஆகிவிடுகிறது, பக்கவாட்டில் ஓட நேரமும் இல்லை. 1916இல் மார்ட்டின் பல்சக்கரத்துக்குக் கணக்குப் போட்டபோது உலோகம் நெளியாது, எண்ணெயின் பாகுத்தன்மை மாறாது என்று எடுத்துக்கொண்டார், வந்த தடிமன் பல்லின் கரடுமுரடைவிடக் குறைவு. ஆனால் பல்சக்கரங்கள் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன. உலோகம் நெளிவதையும் அழுத்தத்தில் எண்ணெய் கெட்டிப்படுவதையும் ஒன்றாகச் சேர்த்து எர்டல், க்ரூபின் ஆகியோரின் கணக்கு 1949இல் வெளிவரும் வரை அந்த முடிச்சு முழுசாக அவிழவில்லை. அதற்குப் பிறகு 1950களின் கடைசியில் குரூக் இரண்டு உருளைகளை உருளவிட்டு உங்களைப் போலவே கெப்பாசிட்டன்ஸில் அளந்து, மைக்ரான் அளவில் படலம் உண்மையாகவே இருக்கிறது என்று காட்டினார். நீங்கள் நிற்கும் இடத்தில்தான் அவரும் நின்றார்.

ஒலியலை:
அல்ட்ராசவுண்ட் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. ஷெஃபீல்டில் ட்வையர்-ஜாய்ஸ் குழு 2003 வாக்கில் ஆரம்பித்த முறை: அவுட்டர் ரேஸுக்கு வெளியே ஒரு டிரான்ஸ்டியூசரை ஒட்டி, படலத்தில் பட்டுத் திரும்பும் ஒலியின் அளவைப் பார்ப்பது. இவ்வளவு மெல்லிய படலம் ஒரு ஸ்பிரிங் மாதிரி வேலை செய்கிறது. மெல்லியதாக இருந்தால் விறைப்பு அதிகம், ஒலி உள்ளே போய்விடும். தடிமனாக இருந்தால் திரும்பி வரும். ஷாஃப்ட்டுக்கு ஒயர் எடுக்க வேண்டாம், ஸ்லிப் ரிங் வேண்டாம், பெரிய ரோலர் பேரிங்குகளுக்கு அருமையான முறை.

உங்கள் 6208க்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். 1500 ஆர்பிஎம்மில் அவுட்டர் ரேஸில் கான்டாக்ட் நகரும் வேகம் நொடிக்குச் சுமார் 2.3 மீட்டர். கான்டாக்ட்டின் அகலம் உருளும் திசையில் 0.2 மில்லிமீட்டர். சென்சாரைக் கடக்க 0.1 மில்லி விநாடிகூட ஆகாது. நொடிக்குப் பத்தாயிரம் துடிப்பு அனுப்பினாலும் ஒரு பாலுக்கு ஒரு துடிப்பு கிடைத்தால் அதிகம். ஒலிக்கற்றை கான்டாக்ட்டைவிட அகலமாக வேறு இருக்கும், சுற்றியிருக்கும் காலி இடத்தின் எதிரொலியும் கலந்து வரும். அதைப் பிரிக்க ஒரு கணக்கு, அழுத்தத்தில் எண்ணெயின் பல்க் மாடுலஸ் (அமுங்காமல் எதிர்க்கும் விறைப்பு) எவ்வளவு என்று ஊகிக்க இன்னொரு கணக்கு. ஒலி என்றால் விறைப்பு, உங்களுக்குப் பிக்கோஃபாராட், அக்காவுக்கு நிறம். யாருமே தடிமனை நேராக அளக்கவில்லை, எல்லோரும் வேறொன்றை அளந்து நடுவில் ஒரு பொருள்பண்பை நம்பி மாற்றிக்கொள்கிறோம்.

பேரிங்மேசை:
எல்லோருக்கும் நன்றி. இன்றைக்குச் செய்தது: கேபிளை அரை மீட்டராக வெட்டி ஓப்பன் கரெக்ஷன் செய்தேன். 0.1 வோல்ட்டுக்கு இறக்கினேன். பேரிங்கின் சொந்த மதிப்பு 180 பிக்கோஃபாராட் என்று வந்தது. தடிமன் 0.14, சரிவு 0.41.

சார் சொன்ன மாதிரி நிறுத்தின உடனே இன்னர் ரேஸில் வைத்துப் பார்த்தேன். 55 டிகிரி! ஹவுசிங் அப்போதும் 41தான் காட்டியது. புதுக் கணக்கில் 0.33. ஆக 0.33க்கு எதிரே 0.14. பாதி தூரம் வந்துவிட்டேன், மீதி எங்கே இருக்கிறது?

வண்ணப்பட்டை:
மீதி ஹெர்ட்ஸ் வட்டத்துக்கு வெளியே இருக்கிறது. கெப்பாசிட்டன்ஸ் கான்டாக்ட் விளிம்பில் வந்து நின்றுவிடாது. வெளியே பாலும் ரேஸும் மெல்லத்தான் விலகுகின்றன, அந்த இடைவெளியிலும் எண்ணெய் இருக்கிறது, அதுவும் கெப்பாசிட்டர்தான். வெளிப்பகுதி வேகத்தோடு மெதுவாகத்தான் மாறும் என்பதால் சரிவு இன்னும் 0.41லேயே நிற்கிறது. மோட்டார் பேரிங் கரன்ட் பற்றி எழுதுகிறவர்கள் பலர் ஹெர்ட்ஸ் மதிப்பை 3.5ஆல் பெருக்கிவிடுவார்கள். தொடக்கத்துக்கு அதைப் போட்டுப் பார்க்கலாம்.

பழையலேத்:
இதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன் அம்மா. 3.5 என்ற ஒற்றை எண்ணை எல்லா பேரிங்குக்கும் எல்லா லோடுக்கும் போட்டால், கணக்குக்குப் பொருந்தும்வரை திருகுகிற ஆணியாகிவிடும் அது. பையனுக்கு 0.14 இருக்கிறது. 3.5ஆல் பெருக்கினால் 0.49. உடனே பழைய 0.52க்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது, 40 டிகிரி தப்பே தெரியாமல் போயிருக்கும்! இரண்டு தப்பும் ஒன்றையொன்று மறைத்து நல்ல முடிவு மாதிரி நின்றிருக்கும். அதற்கு இந்தப் பொருந்தாத எண்ணே மேல்.

வண்ணப்பட்டை:
சார் சொல்வது நியாயம், 3.5ஐ நான் சொல்லியிருக்கக் கூடாது. தம்பி, குறுக்குவழி வேண்டாம். வெளிப்பகுதி இடைவெளியை ஹெர்ட்ஸ் கோட்பாட்டிலிருந்தே எழுதி, உள்ளே கான்டாக்ட், வெளியே கான்டாக்ட் இரண்டுக்கும் தனித்தனியாகத் தொகையிடுங்கள். நுழையும் பக்கம் முழுக்க எண்ணெய். வெளியேறும் பக்கத்தில் எண்ணெய் கிழிந்து காற்றுக்குழி வரும், அங்கே எப்சிலான் 2.2 இல்லை, ஒன்றுக்குப் பக்கம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி போடாதீர்கள். இன்னொன்று, கான்டாக்ட்டுக்குள் ஒரு கிகாபாஸ்கல் சராசரி அழுத்தத்தில் எண்ணெயின் அடர்த்தி கூடுவதால் எப்சிலானும் 2.5 பக்கம் போகும். எங்களுக்கும் இதே தலைவலி உண்டு, ஒளிவிலகல் எண் அழுத்தத்தில் சில சதவீதம் ஏறும், திருத்தாமல் விட்டால் படலம் தடிமனாகத் தெரியும்.

குரோமியம் பூசிய கண்ணாடித் தட்டில் ஒரே கான்டாக்ட்டை நிறத்திலும் கெப்பாசிட்டன்ஸிலும் ஒருசேர அளந்து ஒப்பிட்டவர்கள் இருக்கிறார்கள், ஜப்லோன்கா, க்ளோவ்னியா, போங்கார்ட்ஸ், 2012. அந்தக் கட்டுரையைத் தேடிப் படியுங்கள். எங்கள் ரிக்கில் உங்கள் எண்ணெயைப் போட்டு ஒரு நாள் ஓட்டித் தரவும் நான் தயார். அரை லிட்டர் அனுப்புங்கள்.

பழையலேத்:
அதற்கு முன்னால் காசு செலவில்லாத ஒரு சோதனை. அதே இரண்டு முனையில் ஆசிலோஸ்கோப்பை மாட்டுங்கள், ஒரு பெரிய ரெசிஸ்டர் வழியாக 50 மில்லிவோல்ட் கொடுங்கள். படலம் நிஜமாகவே 0.08ஆக, லாம்டா ஒன்றுக்குச் சற்று மேலே இருந்தால் மேடும் மேடும் தொடும், தொடுகிற ஒவ்வொரு தடவையும் வோல்டேஜ் பூஜ்யத்துக்கு விழும், திரையில் புல் முளைத்த மாதிரி இருக்கும். கோடு நேராக நின்றால் உலோகம் தொடவில்லை. தடிமன் எவ்வளவு என்று இது சொல்லாது, ஆனால் பொய்யும் சொல்லாது.

பேரிங்மேசை:
நான்கு நாளாகப் பதில் போடாததற்கு மன்னிக்கவும், ரிக்கைப் பிரித்துக் கட்டினோம்.

ஆசிலோஸ்கோப்: 1500 ஆர்பிஎம்மில் பத்து நிமிடம் கண் எடுக்காமல் பார்த்தேன், 50 மில்லிவோல்ட்டில் ஒரே நேர்கோடு. ஒரு விழுதல்கூட இல்லை. மெல்ல வேகத்தைக் குறைத்தேன். 100க்குக் கீழே வந்ததும் ஒன்று இரண்டாகக் கோடு கீழே குத்த ஆரம்பித்தது, நிறுத்துவதற்குச் சற்று முன் சார் சொன்ன புல் திரை முழுக்க. மோட்டாரை அணைத்தும் ஷாஃப்ட் தானாகச் சுற்றி ஓயும் அந்தக் கடைசி இரண்டு மூன்று நொடியில் படலம் இல்லாமல் போவதைக் கண்ணால் பார்த்தேன்.

தொகையிட்டும் முடித்தேன். வெளிப்பகுதியையும் எப்சிலான் மாற்றத்தையும் சேர்த்தால் என் பேரிங்குக்கு, இந்த லோடுக்கு, காரணி 2.2 வருகிறது. தடிமன் 0.31. கணக்கு 0.33. சரிவு 0.63, அதிக வேகத்தில் மட்டும் கொஞ்சம் வளைகிறது, அங்கே இன்னர் ரேஸ் இன்னும் சூடாவதால் என்று நினைக்கிறேன், அடுத்த வாரம் ஒவ்வொரு வேகத்திலும் வெப்பநிலை எடுப்பேன். லாம்டா 5க்கு மேல்.

அக்கா, எண்ணெய் நாளைக்கே பார்சல் போடுகிறேன்.

பழையலேத்:
0.02 வித்தியாசத்தைத் திருத்தப் பார்க்காதீர்கள். அப்படியே எழுதுங்கள்.

கிரீஸ்கன்:
இதையெல்லாம் எண்ணெயில் பேசுகிறீர்கள், எங்களிடம் இருப்பது முழுக்க கிரீஸ். கிரீஸ் நிறைய அடித்தால் படலம் தடிமனாகுமா? எங்கள் ஆட்கள் அப்படித்தான் நினைத்து கன்னை வெளியே வழியும்வரை அழுத்துகிறார்கள்.

வண்ணப்பட்டை:
ஆகாது. முதல் சில மணி நேரம் பால் கிரீஸை இரண்டு பக்கமும் ஒதுக்கித் தள்ளிவிடும், அதற்குப் பிறகு தடத்தில் மிஞ்சுவது மெல்லிய பூச்சும் பக்கத்திலிருந்து கசிந்து வரும் கொஞ்சம் எண்ணெயும்தான். நுழைவாயில் நிரம்பாது. அதுதான் தம்பி முதலில் சந்தேகப்பட்ட பட்டினி, கிரீஸில் அது அன்றாட நிலை. அதிகம் அடித்தால் கிரீஸைக் கடைந்து கடைந்து பேரிங் சூடாகும், எண்ணெய் இளகும், படலம் மெலியத்தான் செய்யும். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லுக்ட் தன் சகாக்களோடு கிரீஸ் போட்ட பால் பேரிங்கில் படலத்தை அளந்ததும் தம்பி செய்யும் இதே கெப்பாசிட்டன்ஸ் வழியில்தான். மிகக் குறைந்த வேகத்தில் மட்டும் கிரீஸ் ஒரு விசித்திரம் காட்டும், உள்ளே இருக்கும் சோப்பு இழைகள் கான்டாக்ட் வழியாகப் போவதால் வேகம் குறையக் குறையப் படலம் மறுபடி தடிக்கும். எண்ணெயில் இதைப் பார்க்கவே முடியாது.

பேரிங்மேசை:
அப்படியென்றால் 100 ஆர்பிஎம்மில் எனக்குத் தெரிந்த புல், கிரீஸ் போட்டால் தெரியாமல் போகலாமா அக்கா? இதே பேரிங்கைக் கழுவி லித்தியம் கிரீஸ் போட்டு ஓட்டுகிறேன். எட்டுப் பாலை செராமிக்காக மாற்றி ஒரே ஒரு ஸ்டீல் பாலை மட்டும் விட்டால் ஒன்பதின் சராசரிக்குப் பதில் ஒரே பாலின் கான்டாக்ட் கிடைக்குமே, அதற்கும் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒலியலை:
செராமிக் பால் போடும்போது விட்டம் ஸ்டீல் பாலோடு சரியாக ஒத்துப்போகிறதா என்று அளந்துவிட்டுப் போடுங்கள். ஒரு மைக்ரான் குறைந்தாலும் அந்த ஸ்டீல் பால் தன் பங்கைவிட அதிக லோடைச் சுமக்கும், பரப்பளவு மாறிவிடும். செராமிக் ஸ்டீலைவிட விறைப்பு அதிகம் என்பதால் லோடு பங்கீட்டையும் புதிதாகக் கணக்கிட வேண்டியிருக்கும்.

கிரீஸ்கன்:
கழற்றிய மோட்டார் பேரிங் இரண்டு மேசையில் இருக்கிறது தம்பி, கோடு விழுந்தது. தேவை என்றால் சொல்லுங்கள், அனுப்புகிறேன்.

பேரிங்மேசை:
அனுப்புங்கள் அண்ணா. கோடு விழுந்த ரேஸில் படலம் என்ன ஆகிறது என்று அதையும் ரிக்கில் ஏற்றிப் பார்த்துவிடுகிறேன். எத்தனை மணி நேரம் ஓடியது, என்ன கிரீஸ் என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வைத்துவிடுங்கள்.